ரித்விக் முறையில் வடிவு அடித்த பந்து

மேலக்காடு என்று ஒரு காட்டில் எல்லாருக்கும் சாஃப்ட்பால் பைத்தியம் பிடித்திருந்தது. காட்டுக்கு எதற்கய்யா சாஃப்ட்பால் என்று கேட்காதீர்கள். பக்கத்துக் காட்டில் ஆடினார்கள், அதனால் இங்கேயும் ஆடினார்கள். நாம் மட்டும் வேறு என்ன காரணத்துக்காக எதைச் செய்கிறோம்?

அந்த மேலக்காட்டுக் குட்டிகள் அணியில் வடிவு என்று ஒரு முள்ளெலி இருந்தாள். பயிற்சிக்கு முதல் ஆளாக வருவாள். புதருக்குள் போன பந்தையெல்லாம் தேடி எடுப்பாள். எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்பி வைப்பாள். பேட் மட்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை.

குட்டிகள் போட்டியில் எல்லாருக்கும் பேட்டிங் கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் ஆட்டத்துக்கு முன்னால் சொன்ன வரிசைப்படி கொடுக்கவேண்டும் என்பது விதி. வரிசையில் வடிவு பெயரும் இருக்கத்தான் செய்தது. அவள் முறை வரும்போதெல்லாம் கோச் தாண்டவராயன் ஏதாவது சாக்குச் சொல்லி, அவளுக்கு அடுத்த ஆளான ரித்விக்கை அனுப்பிவிடுவார். கோச் ஒரு கருமந்தி. ரித்விக்கும் கருமந்திதான், அவர் பெற்ற செல்லப்பிள்ளை. எதிரணிக்காரர்களும் இதுவரை இதைக் கண்டுகொண்டதில்லை.

அன்றைக்குக் கீழக்காட்டோடு வருஷத்தின் கடைசி ஆட்டம். அடுத்த வருஷம் வடிவுக்கு வயசு தாண்டிவிடும், குட்டிகள் அணியில் சேர்க்கமாட்டார்கள். இன்றைக்கு விட்டால் பிறகு கிடையாது. "ஒரே ஒரு அடி, அது போதும் சாமி," என்று முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் பாவம்.

கடைசிக்கு முந்தின இன்னிங்ஸில் அவள் முறை வந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். ரன் எடுக்க ஓடும் வழியில் நின்றுகொள்ளும் இடங்களான பேஸ்களில் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். வடிவு எழுந்தாள்.

"கண்ணு, உனக்கு முகமே சரியில்லையே," என்றார் கோச்.

"நல்லாத்தான் இருக்கேன் கோச்."

"உனக்கு என்ன தெரியும்? பேசாம உட்காரு. டேய் ரித்விக், போடா ராஜா!"

ரித்விக் போனான், ஓங்கி ஒரு போடு போட்டான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல அடிதான். நின்ற இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள், அவனும் வந்துவிட்டான், மொத்தம் மூன்று ரன். கோச் ஆனந்தத்தில் மரத்துக்கு மரம் தாவினார்.

கீழக்காட்டின் கோச் அம்சவேணி என்கிற நரி. அவள் மெதுவாக நடந்து அம்பயரிடம் வந்தாள். அம்பயர் ஓர் ஆந்தை. பகல் ஆட்டம் என்பதால் பாதித் தூக்கத்தில் இருந்தார். ஆனால் விதியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ஐயா, இது யார் முறை?"

"வடிவு முறை."

"அடிச்சது யாரு?"

"ரித்விக்." ஆந்தை தொண்டையைச் செருமிக்கொண்டார். "முறை தவறியாச்சு. ரன் எதுவும் செல்லாது. வடிவு அவுட்! இன்னிங்ஸ் முடிஞ்சது."

"நானா?" என்று அலறினாள் வடிவு. "நான் பேட்டைத் தொடவே இல்லையே!"

கோச் குதித்தார். "தெரிஞ்சிருந்தா முதல்லயே சொல்லக்கூடாதாய்யா?"

"நீங்க யாரும் கேக்கலையே. எதிரணி கேட்டாத்தான் நான் வாயைத் திறக்கணும்."

அம்சவேணி சிரித்தாள். "முதல்லயே கேட்டிருந்தா என்ன ஆகும் அண்ணே? வடிவைக் கூப்பிட்டு விட்டிருப்பீங்க, தண்டனையே இல்லாம போயிருக்கும். பையன் ஆசை தீர அடிக்கட்டும்னுதான் காத்திருந்தேன்."

கோச் யார் மேல் எரிந்து விழுந்தார் என்று நினைக்கிறீர்கள்? வடிவு மேல்தான். "உன்னாலதான்டி மூணு ரன் போச்சு!" வடிவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரமும் வந்தது. நேராக ஆந்தையிடம் போனாள்.

"அம்பயர் ஐயா, தப்பு பண்ணினது அவன். நான் எப்படி அவுட்?"

ஆந்தைக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அவரிடம் விதி என்னவென்று கேட்ட முதல் ஆள் இவள்தான். "முறை யாருதோ அவங்கதான் அவுட்டும்மா. அடிச்சவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. அதுவும் அடுத்த பால் போடுறதுக்குள்ள எதிரணி கேட்டாத்தான். அதுக்கப்புறம் கேட்டா, அடிச்சது அடிச்சதுதான்."

"சரி, அடுத்த இன்னிங்ஸ்ல முதல் முறை யாருது?"

"நீ அவுட். உனக்கு அடுத்தவன் ரித்விக். அவன்தான் வரணும்."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைக் கேட்டு எந்தக் குழந்தைதான் நல்ல குழந்தையாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கீழக்காடு ஆடி முடித்து ஒரு ரன் முந்தியிருந்தது. கடைசி இன்னிங்ஸ். ரித்விக் அவசரமாகப் புதர்ப் பக்கம் ஒதுங்கினான். கோச் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அம்சவேணி போனில் வெற்றி விழாவுக்கு லட்டு சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவு பேட்டைத் தூக்கிக்கொண்டு போய் ரித்விக் நிற்கவேண்டிய இடத்தில் நின்றாள். ஆந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். யாரும் கேட்கவில்லை. மூடிக்கொண்டார்.

பந்து வந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு வீசினாள். டொக்! அந்தச் சத்தத்தைக் கேட்டு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது அவளுக்கு. தட்டுத்தடுமாறி ஓடி, முதல் பேஸின் மேல் ஏறி நின்று, "அடிச்சிட்டேன்! நான் அடிச்சிட்டேன்!" என்று கத்தினாள்.

புதரிலிருந்து திரும்பிய கோச் இதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு அடுத்த பாலுக்குக் காத்திருந்தால் போதும், வடிவு அங்கேயே நின்றிருப்பாள், ஆட்டமும் தப்பியிருக்கலாம். ஆனால் பெற்ற மனசு கேட்குமா?

"அநியாயம்! அது என் பையன் முறை! அது ரித்விக் முறை!" என்று காடே அதிரக் கூப்பாடு போட்டார்.

அம்சவேணி போனை வைத்தாள். "அப்படியா அண்ணே? ஐயா, அவரே சொல்லிட்டாரு. நான் கேக்குறேன்."

"ரித்விக் அவுட்," என்றார் ஆந்தை.

"நான் ஒண்ணுக்குத்தானேப்பா போனேன்!" என்று ரித்விக் விம்மினான்.

வடிவின் அடி செல்லாது என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். செல்லாவிட்டால் போகட்டும், அடித்தது அடித்ததுதானே? அவள் பல்லெல்லாம் தெரிய வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விதியை விளக்கினாள். அடுத்த முறை ஓணானுடையது. ஆந்தை பெயரைக் கூப்பிட்டதும், பேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓணானைத் தவிர அத்தனை குட்டிகளும் மைதானத்துக்குள் ஓடினார்கள்.

நீதி: உங்கள் முறை வரும்வரை ஒழுங்காகக் காத்திருந்தால் நீங்கள்தான் அவுட். அடுத்தவர் முறையில் தைரியமாகப் போய் அடியுங்கள், அவுட் ஆனால் அது அவர் தலையெழுத்து.