பெரிய அளவில் இரு கைகள்

"பெஞ்சு எங்கே?" என்று கேட்டான் அச்சுதன்.

லாரியின் பின்பக்கத்திலிருந்து கிரேன் எதையோ தூக்கிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனியில் முதலில் ஐந்து விரல்கள் தெரிந்தன. பிறகு ஒரு உள்ளங்கை. ஓர் ஆள் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரியது. சிமெண்டில் செய்த அந்தக் கை மல்லாந்தபடி, யாரிடமோ எதையோ கேட்பதுபோல, வெள்ளேரிப்பாக்கம் கடைவீதிச் சந்திப்பின் மேல் ஒரு சுற்று சுற்றி, சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

"இது வலது கை," என்றார் அதைச் செய்துகொண்டுவந்த சின்னப்பன். "இடது கை அடியில கீது. இரு சார், வரும்."

அச்சுதன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். காலை ஆறரை மணி. பனியில் தெருவிளக்குகள் மஞ்சள் பஞ்சுபோலத் தொங்கின. தான் இன்னும் வீட்டில் படுத்துத்தான் இருக்கிறோம், எழுந்து வந்ததெல்லாம் கனவில்தான் என்று அவனுக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை பிறந்தது. இரண்டாவது கை இறங்கியபோது தரை அதிர்ந்தது. நம்பிக்கை போய்விட்டது.

செம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளேரிப்பாக்கத்தில் முன்பு எல்லாப் பஸ்ஸும் இந்தச் சந்திப்பில் நின்றன. புறவழிச்சாலை வந்ததும் பஸ்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. அவற்றோடு கூட்டமும் போய்விட்டது. முப்பது கடைகளில் இருபத்திரண்டின் ஷட்டர் இறங்கியே கிடந்தது. பேரூராட்சி அதற்காக 'நகர மையப் புத்துயிர்த் திட்டம்' என்று ஒன்றைத் தீட்டியிருந்தது. 'மக்கள் உட்கார்ந்தால் ஊர் எழுந்து நிற்கும்' என்பது அதன் முதல் வரி. செயல் அலுவலர் தோத்தாத்ரி சொந்தமாக எழுதியது. திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். திருப்தியில்லை என்றால் சந்திப்பு வாகன நிறுத்துமிடமாகிவிடும்.

அச்சுதன் அந்த அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். பதினோரு வருடம் தேர்வு எழுதி, வயது வரம்பு முடிகிற வருடத்தில் கிடைத்த வேலை. தகுதிகாண் பருவம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு மெமோ வந்தால் பதினோரு வருடமும் வீண்.

"அண்ணா, நான் கேட்டது உட்கார்ற இருக்கை!"

சின்னப்பன் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, விரல் வைத்துக் காட்டினார். 'பொதுமக்கள் பயன்பாட்டுக்குப் பெரிய அளவில், உறுதியான சிமெண்ட் இரு கைகள் செய்து தரவும்.' கீழே அச்சுதனின் கையெழுத்து. பக்கத்தில் அலுவலக முத்திரை.

இரண்டு வாரத்துக்கு முன் பம்மல் ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவில் நசுங்கியபடி அவன் போனிடம் வாயால் சொன்ன கடிதம் அது. 'இருக்கைகள்' என்றுதான் சொன்னான். ஆட்டோ ஒரு பள்ளத்தில் குதித்தது. 'க்' அங்கேயே விழுந்துவிட்டது. எத்தனை இருக்கை என்று எழுதிய இணைப்பைச் சேர்க்கவும் அவன் மறந்துபோனான்.

"ஒரு 'க்' விட்டுப்போச்சுண்ணா."

"அது எனக்கு இன்னா தெரியும்? கவர்மெண்டு சீல் குத்திகீது. நானா போயி திருத்த முடியும்?"

"சரி, திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

"கிரேன் கிளம்பிடிச்சே. ஒவ்வொண்ணும் ரெண்டு டன்னு சார். கையில தூக்கிகினு போற சாமானா இது?"

பம்மலில் முப்பது வருடமாகச் சிமெண்ட் பட்டறை நடத்துகிறவர் சின்னப்பன். தாம்பரம் வட்டாரத்தில் பார்க்கில், பஸ் ஸ்டாப்பில், கோயில் வாசலில் யார் உட்கார்ந்தாலும் பாதிப் பேர் அவர் செய்த பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். இப்போது அவர் குந்தியபடி வலது கையின் கட்டைவிரல் நகத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளங்கையில ரேகையெல்லாம் எதுக்குண்ணா போட்டீங்க?"

"கைன்னா ரேகை இல்லாமயா?" என்றார் அவர், சற்றுக் கோபமாக. "ஆயுள் ரேகை நல்லா நீளமா வுட்டுகிறேன், பாரு."

அச்சுதனுக்குத் தன் ஆயுள் திங்கட்கிழமைவரைதான் என்று பட்டது. அலுவலக ஸ்டோரிலிருந்து நீலத் தார்ப்பாய் கொண்டுவந்து இரண்டு கைகளையும் மூடிக் கயிற்றால் கட்டினான். திங்கள் வருவதற்குள் வேறு கிரேன் கிடைக்காமலா போகும்?

பத்து மணிக்குத் தார்ப்பாயைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள்.

"எந்தத் தலைவர் சிலைப்பா?"

"சிலை இல்லைங்க."

"அப்ப எதுக்கு மூடி வெச்சுகிறே?"

"அது... கை."

"கையத் தூக்கிகினு நிக்கறாரா, கட்டிகினு நிக்கறாரா?"

"ரெண்டு கை மட்டும்தாங்க."

"மத்த பாகமெல்லாம் எப்ப வரும்?"

பதினொன்றுக்கு ஒரு கட்சிக்காரர்கள் வந்து, தலை இருக்கும் என்று தோன்றிய பக்கத்தில் மாலை போட்டார்கள். பன்னிரண்டுக்கு இன்னொரு கட்சிக்காரர்கள் வந்து, தலை அந்தப் பக்கம் இல்லை என்றார்கள். ஒரு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது.

தோத்தாத்ரி தன் அறையில் மின்விசிறிக்கு நேர்க்கீழே உட்கார்ந்திருந்தார்.

"என்ன அச்சுதன், இன்ஸ்பெக்டர் போன் பண்றார். நம்ம ஊர்ல தலைவர் சிலை வெக்கறோமாமே? எனக்கே தெரியாம?"

"சிலை இல்ல சார். கை. ஒரு... கலைப்படைப்பு."

"நாம பெஞ்சுதானே கேட்டோம்?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தான் அச்சுதன். மேஜைமேல் அவனுடைய தகுதிகாண் பருவ ஃபைல் கிடந்தது. "இது பெஞ்சுக்கு அடுத்த கட்டம் சார்," என்றது வாய்.

தோத்தாத்ரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "முதல்ல தார்ப்பாயை எடு. ஒரு போர்டு வெய்யி. பேர் எழுதி வெச்சுட்டா நம்ம ஊர்ல எவனும் கேள்வி கேக்க மாட்டான். 'வரவேற்கும் கரங்கள்'னு போடு."

பொழிச்சலூர் பெயிண்டரிடம் அச்சுதன் போனில்தான் பெயரைச் சொன்னான். இந்த முறை ஷேர் ஆட்டோவில் அல்ல, நின்று, நிதானமாக, இரண்டு தடவை சொன்னான். சனிக்கிழமை காலை போர்டு நட்டிருந்தது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து.

முதலில் அதைப் படித்தவர் ஞானசௌந்தரி. ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். ஊரில் எந்தப் போர்டையும் பிழை பார்க்காமல் தாண்டமாட்டார். முழங்கால் வலியால் பத்தடிக்கு ஒருதரம் நின்றுதான் மார்க்கெட்டுக்குப் போவார்.

"வரவேர்க்கும் கரங்கள்," என்று சத்தமாகப் படித்தார். "றகர ஒற்று போட வேண்டிய இடத்துல ரகர ஒற்று. வர வேர்க்குதாம்! யாருக்குப்பா வேர்க்குது?"

"எனக்குத்தான் டீச்சர்," என்றான் அச்சுதன்.

பூக்கூடையோடு வந்துகொண்டிருந்த சுபத்ரா அதைக் கேட்டு நின்றாள். போய் வலது உள்ளங்கையைத் தொட்டாள். விரல்களைப் பார்த்தாள். "ஆமாக்கா! நெஜமாவே வேர்த்துகீது!"

"அது பனிம்மா!" என்றான் அச்சுதன்.

"பக்கத்துல டிரான்ஸ்பார்மர் நிக்குதே, அதுக்கு வேர்க்கல?"

கால் மணி நேரத்தில் அந்தச் செய்தி வாட்ஸப்பில் செம்பாக்கம் ஏரியைச் சுற்றி வந்துவிட்டது. பனிதான் என்று நிரூபிக்க அச்சுதன் தன் தோள் துண்டால் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் துடைத்து, "பாருங்க, காஞ்சுபோச்சு!" என்று காட்டினான்.

கூட்டம் கையைப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தது.

"சார், அதை இப்படிக் கொடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்."

"எனக்கு ஒரு ஓரம் போதும் சார்."

"வரிசையில வாங்க! சாமி எல்லாருக்கும் குடுப்பாரு!" என்று யாரோ ஒழுங்குபடுத்தினார்கள். சாமி என்றது தன்னைத்தான் என்று அச்சுதனுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் பயந்துகொண்டேதான் வந்தான். வந்தவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான்.

பனி இன்னும் விலகவில்லை. அதற்குள்ளிருந்து ஆட்கள் உருவாகி உருவாகி வந்துகொண்டிருந்தார்கள். பூட்டிக்கிடந்த கடைகளில் ஏழெட்டு ஷட்டர் மேலே ஏறியிருந்தது. கடைக்காரர்கள் தங்கள் கடையைத் தாங்களே முதல்முறை பார்ப்பவர்கள்போல வாசலில் நின்றார்கள். டீ ஆவியும் பனியும் ஒன்றாகக் கலந்து எது எது என்று தெரியாமல் போயிற்று. கும்பிட வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. இடதுகையின் ஐந்து விரலிலும் ஐந்து பேர் சாய்ந்திருந்தார்கள். சுண்டுவிரலில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. தேவாலயப் பாடல் முடிந்து வந்தவர்கள் ஒரு பக்கமும், கோயில் பொங்கலோடு வந்தவர்கள் ஒரு பக்கமுமாக வலது உள்ளங்கையின் விளிம்பில் உட்கார்ந்து, தொன்னைகளை மாற்றிக்கொண்டார்கள். வேர்வையைப் பற்றி யாரும் பேசவேயில்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது பற்றியும், முட்டி வலிக்கு எந்தத் தைலம் என்றும் பேசினார்கள்.

ஞானசௌந்தரி டீச்சர் உள்ளங்கையின் நடுவில், கட்டைவிரலில் முதுகைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், மார்க்கெட் போகலையா?"

"போகணும்பா. எழுந்திருக்க மனசு வரலை. ஏந்திப் பிடிச்ச மாதிரி இருக்கு."

அச்சுதனும் ஆள்காட்டி விரலின் நுனியில் உட்கார்ந்தான். ஊர் முழுவதும் தரையிலிருந்து ஒரு சாண் மேலே மிதப்பதுபோல இருந்தது. மெமோ, ஃபைல், ஒற்றெழுத்து எல்லாம் பனிக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தன. தூரத்தில், மூடிய கடை ஒன்றின் படியில், சின்னப்பன் கையில் டீயோடு தனியாக உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

திங்கட்கிழமை மாலை உதவி இயக்குநர் மாளவிகா வந்தார். சின்ன வயது, பெரிய கண்ணாடி. காரிலிருந்து இறங்கியவர் கூட்டத்தைச் சுற்றி வந்தார். பூக்காரியிடம் பேசினார். கடைசியில் வலது உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, தன் காலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"பதினேழு ஊர் பார்த்துட்டேன் சார்," என்றார் தோத்தாத்ரியிடம். "எல்லா ஊர்லயும் பெஞ்சு இருக்கு. பெஞ்சுல ஆள்தான் இல்லை. இந்த யோசனை யாருது?"

"எல்லாம் நம்ம ஆபீஸ்ல கலந்து பேசி..." தோத்தாத்ரி கையைப் பரப்பினார்.

"அந்த ஆர்டர் காப்பி வேணும். மத்த ஊருக்கெல்லாம் அனுப்பப்போறேன்."

தோத்தாத்ரி அச்சுதனைப் பார்த்தார். அச்சுதன் கக்கத்தில் இருந்த ஃபைலைப் பார்த்தான். அதிலிருந்த கடித நகலைத் திருத்தக் காலையிலிருந்து மூன்று முறை பேனாவைத் திறந்து மூடியிருந்தான். 'க்' போட்டால் கைகளுக்கு ஆர்டரே இல்லை. போடாவிட்டால் ஊருக்கு ஊர் அந்தப் பிழை தன் கையெழுத்தோடு போய்ச் சேரும்.

"மேடம், யோசனை யாருதும் இல்லை," என்றான். தன் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "இருக்கைகள்னு எழுத வேண்டியது. ஒரு 'க்' விட்டுப்போச்சு. தப்பு என்னோடது. சாருக்குத் தெரியாது."

தோத்தாத்ரி ஓரடி பின்னால் நகர்ந்தார். பின்னாலிருந்த இடதுகை அவரைத் தாங்கிக்கொண்டது.

மாளவிகா கடிதத்தை இரண்டு முறை படித்தார். தன் படிவத்தை விரித்தார். "இதுல 'வடிவமைத்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு, அச்சுதன். யாரும் வடிவமைக்கலை, எழுத்துப் பிழைன்னு நான் எழுதினா உங்களுக்கு மெமோ. அதோட போகாது. அனுமதி இல்லாத கட்டுமானம்னு இந்தக் கையையும் இடிக்கணும்."

"தெரியும் மேடம்."

சுபத்ரா பூ கட்டுவதை நிறுத்தினாள். விரல்களில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. மாளவிகா சுற்றிலும் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த சின்னப்பன் கண்ணில் பட்டார்.

"நீங்கதானே இதைச் செஞ்சவர்? முப்பது வருஷமா பெஞ்சு செய்றீங்கன்னு பூக்காரம்மா சொன்னாங்க. பேரூராட்சி ஆபீஸ் திடீர்னு ரெண்டு கை கேட்டா, அது பெஞ்சாத்தான் இருக்கும்னு தோணாதா? அனுப்பினவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?"

சின்னப்பன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கேட்டா பெஞ்சுன்னு சொல்லிட்டிருப்பாரே, மேடம்!"