எல்லாருக்கும் ஒன்றரை

என் அன்பு மகளுக்கு,

அம்மா நலமாக எழுதிக்கொள்வது. ‘நலமாக’ என்ற சொல்லை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. அதில் இரண்டு எழுத்துப்பிழைகள். சிவப்பு மையில் வட்டமிட்டு இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“இன்னொரு தடவை உங்கள் பிரஷர் 170-ஐத் தாண்டினால் காரோடு வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்” என்று எழுதியிருக்கிறாய். எங்கே? சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிகிற அந்த அறைக்கு. நாற்பத்தாறு வருடம் குடியிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமாம். உன் அப்பா இதே வீட்டில் ஒரு மாத்திரைகூடப் போடாமல் கடைசி நாள்வரை நிமிர்ந்து நடந்தவர். எனக்கும் ரத்த அழுத்தம் கிடையாது. அதைக் கணக்குப்படி நிரூபிக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இங்கே அளக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். நர்ஸ் பெண் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருகிறாள். பெண்கள் சொன்னால் வந்து கை நீட்டுவார்கள். ஆண்கள் அவள் சைக்கிள் மணி கேட்டதும் வயலுக்கு ஓடிவிடுவார்கள். அதனால் அவள் முடிதிருத்தும் கடைக்கே போய், பாதி முகம் சவரமாகி, துண்டைப் போர்த்திக்கொண்டு எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பிடித்து அளப்பாள். நம் டிராக்டர்காரர் இருக்கிறாரே, ‘என் உடம்பு இரும்பு’ என்று சொல்லிச் சொல்லியே ‘இரும்பு’ என்று பேர் வாங்கியவர், அவரையும் அப்படித்தான் பிடித்தாள். “ரத்தக் கொதிப்புன்னா கோவக்காரனுக்குத்தான் வரும். எனக்குக் கோவமே வராதுடா!” என்று அவர் கத்திய கத்தலில் கடையின் கண்ணாடி அதிர்ந்ததாம். எண் என்னவென்றுகூடக் கேட்காமல் போய்விட்டார்.

நர்ஸ் பெண் நல்லவள், கெட்டிக்காரி. ஆனால் ‘அழுத்தம்’ என்பதை ‘அளுத்தம்’ என்று எழுதுவாள். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, என் கண்ணெதிரிலேயே அப்படி எழுதினால் எந்த ரத்தம் சும்மா இருக்கும்?

“சிறப்பு ழகரம் போடும்மா.”

“பேசாதீங்கம்மா, பேசினா ஏறும்.”

“நான் எங்க பேசினேன்? திருத்தினேன்.”

180/120 என்று வந்தது. அதைத்தான் அவள் உனக்குப் போனில் கோள் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் டாக்டர் பரிசோதனைக்கு வருகிறார் என்று தகவல். அவளுடைய பதிவேட்டில் மழைத்தண்ணீர் பட்டு அட்டை கிழிந்திருந்தது. “உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா, புது நோட்டுல எழுதித் தர்றீங்களா?” என்று கேட்டாள். கான்வென்ட்டில் எட்டு வருடம் கையெழுத்துப் பரிசு வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது? உட்கார்ந்தேன். பக்கத்தைத் திறந்தால் அறுபத்திரண்டு பேருக்கும் மேலே பெரிய எண், கீழே சின்ன எண். தகாபின்னம்! அப்படியே விட்டுவைத்தால் எங்கள் கான்வென்ட் மதர் முழங்கையில் ஸ்கேலால் தட்டுவார்கள். ஆகவே முறைப்படி எல்லாவற்றையும் சுருக்கினேன். நர்ஸ் பெண்ணுக்கு 120/80: நாற்பதால் வகுத்தால் 3/2, அதாவது ஒன்றரை. மளிகைக் கடைக்காரருக்கு 150/100: ஐம்பதால் வகுத்தால் ஒன்றரை. இரும்புக்கு 195/130: சற்றுக் கடினம், அறுபத்தைந்தால் வகுக்க வேண்டும், ஒன்றரை. எனக்கு 180/120: அதே ஒன்றரை. சிலருக்கு மட்டும் ஒன்றே முக்கால், ஒன்றே கால். இப்போது புரிகிறதா? நோயே இல்லாத இருபத்து மூன்று வயது நர்ஸும் நானும் ஒரே அளவு. என் நிரூபணம் இவ்வளவுதான். பழைய நோட்டு அசிங்கமாக இருந்ததால், பொட்டலம் மடிக்கக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் புது நோட்டைப் புரட்டினார். கையெழுத்தைப் பாராட்டவில்லை. “என்னம்மா இது, யாருக்குமே எண்ணைக் காணோம்?” என்றார். விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நர்ஸ் பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பழைய தாள்கள் அதற்குள் சர்க்கரையும் மிளகாயுமாக ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டன.

டாக்டர் வாசலுக்கு வந்து, வேடிக்கை பார்த்தவர்களிடம் சொன்னார்: “இந்த ஊர்ல யாரோ சிலருக்கு, நின்ன இடத்துலயே விழுற அளவுக்கு இருக்கு. யாருக்குன்னு இந்த நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியல. அது நீங்களாவும் இருக்கலாம்.”

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஆண்கள் வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. முதல் ஆள் இரும்பு. “சும்மா, பொழுது போகலைன்னு வந்தேன்” என்றார், சட்டைக் கையை மடித்து வைத்துக்கொண்டு. எண்ணைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. “இதை என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லிடறீங்களா? உப்புக் கம்மின்னு நேத்துதான் அவகிட்ட சண்டை போட்டேன்” என்றார். பின்னால் நின்ற கடைக்காரர், “இரும்பு துரு பிடிச்சிருச்சுடோய்!” என்று கத்தினார். அவருடைய முறை வந்ததும் அவரும் வாயை மூடிக்கொண்டார். இரண்டு வருடமாக நர்ஸ் பெண்ணால் முடியாததை என் பின்னம் ஒரே பொழுதில் சாதித்திருக்கிறது. டாக்டர் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். “அடுத்து நீங்கம்மா” என்றார். மறுத்துவிட்டேன். என் விடை எனக்குத் தெரியும்.

ஆகவே நீ வர வேண்டிய அவசியமில்லை. மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அங்கேயே இருக்கும். உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஆண்டவர் எல்லா நலமும், கொஞ்சம் இலக்கணமும் அருளட்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பூரண ஆரோக்கியத்துடன்,
உன் அம்மா

பி.கு.: கடிதத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது என் கண்ணாடியின் காம்பு உடைந்துவிட்டது. உன் அப்பாவின் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கலாமென்று மூன்று வருடம் கழித்து அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். அடியில் நாலாக மடித்த மருந்தக அட்டை ஒன்று. எனக்குத் தெரியாமல் போய் அளந்திருக்கிறார். தேதி, அவர் விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு. 210/140. பழக்கதோஷத்தில் சுருக்கிவிட்டேன். எழுபதால் வகுக்க வேண்டும். ஒன்றரை.

நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையை நீட்டினேன். அவள் ‘அளுத்தம்’ என்று எழுதினாள். நான் திருத்தவில்லை. அப்படியும் 170. ‘தாண்டினால்’ என்றுதான் நீ எழுதியிருக்கிறாய். இது தாண்டவில்லை, தொட்டிருக்கிறது. ஆனாலும் வாதாடப் போவதில்லை. முதல் மாத்திரை போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காரோடு வா. பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொள், என் அகராதி பெரியது.