கறுப்பு வாளி

மூக்கர் ஒரு வஞ்சிரத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. பச்சைத் தண்ணீரை மோந்து பார்த்த மாதிரி இருந்தது.

"எப்படி மாமா?" என்றான் மருமகன்.

"அவசரப்படாதீங்க மாப்ளே. இது மூக்கு வேலை."

நாலு நாளாகச் சளி. இன்று சளி போய்விட்டது, போகிற போக்கில் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. போயும் போயும் இன்றைக்கா? பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் மதியம் வருகிறார். கடையைப் பார்த்துப் பிடித்துப்போனால், ஒரு வருஷத்துக்கான மீன் முழுக்க இங்கேயிருந்துதான்.

குடும்பக் கடை அது. மருமகன் துறைமுகத்திலிருந்து பெட்டிகளைக் கொண்டுவருவான். மனைவி பின்பக்கம் கழுவி முன்னால் அனுப்புவாள். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மோந்து தீர்ப்புச் சொல்வது மூக்கர். அவர் முகம் சுளித்தால் மீன் கறுப்பு வாளிக்குப் போகும். "குழி தோண்டிப் புதைச்சிடு" என்பார். "சரிங்க" என்று மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

செவுளைத் தூக்கிப் பார்த்தாலே நல்லது கெட்டது தெரிந்துவிடும். ஆனால், "செவுள் பார்க்கிறதெல்லாம் கத்துக்குட்டி வேலை" என்று ஊருக்கே முழங்கியவர் அவர். இப்போது எந்த முகத்தோடு பார்ப்பார்? மூக்கு போன விஷயம் தெரிந்தால் நாற்காலியும் போய்விடும். மருமகன் அந்த நாற்காலிக்கு அளவெடுத்து ஒரு மெத்தைகூடத் தைத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

சந்தேகமென்றால் வாளி என்று முடிவு செய்தார். வஞ்சிரம் வாளிக்குள் விழுந்தது.

"ஐயையோ மாமா! செவுள் ரத்தமா செவந்து கெடக்கு!"

"உங்களுக்குக் கண்ணு சொல்லுது. எனக்கு மூக்கு சொல்லுது."

முதல் பெட்டியில் பாதி வாளிக்குப் போனது. இப்படியே போனால் கடை தாங்காது என்று பட்டதும், கல்லாவுக்கு அடியில் படுத்திருந்த சாம்பல் பூனை அவர் கண்ணில் பட்டது. பூனைக்குத் தெரியாத மீனா!

மருமகனை ஐஸ் வாங்கிவர அனுப்பிவிட்டு, ஒரு மீனை எடுத்துப் பூனையிடம் நீட்டினார். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்ததை நீட்டினார். அதற்கும் அதே மரியாதை. அத்தனையும் கெட்ட மீனா? ஒன்று விடாமல் வாளியில் கொட்டினார். வாளி நிறைந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். அவள் மூன்று நடை நடந்து அள்ளிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம்தான் பூனை படுத்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். அவர் முதலில் வாளியில் போட்ட வஞ்சிரத்தைப் பூனை எப்போதோ இழுத்து வந்திருக்கிறது, முள் மட்டும் மிச்சமிருந்தது. பூனை ஏப்பம் விடாத குறைதான்.

"மீன் எங்க?" என்றது ஒரு குரல். சமையல்காரர் வாசலில் நின்றார். பின்னால் ஐஸ் பெட்டியோடு மருமகன். வெறும் மேசையைப் பார்த்ததும் பெட்டியை நழுவவிட்டான்.

"இன்னிக்கு எதுவும் தேறலைங்க" என்றார் மூக்கர்.

"ரெண்டு மணி நேரம் வண்டியில வந்திருக்கேன்யா! வெறும் மேசையைப் பார்க்கவா?"

சமையல்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. மூக்கருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளை, பின்பக்கத்திலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

வறுத்த மீன் வந்தது. வேண்டாவெறுப்பாக ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்ட சமையல்காரர், அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"இது... இதுதான்! இந்த மீனைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன். வருஷம் பூரா இதையே குடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

மூக்கர் தட்டை எட்டிப் பார்த்தார். வீட்டில் தினமும் இதே மீன்தான். இப்படியொரு மீன் நம் கடையில்கூட இல்லையே, எதிரிக் கடையில் வாங்குகிறாளோ என்று எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறார்! கேட்டால் அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

பொய் சொல்லிக் கையெழுத்து வாங்க அவருக்கு மனம் வரவில்லை. நாற்காலியை விட்டு இறங்கினார்.

"ஐயா, இது எங்க கடை மீன் இல்லீங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். சளி பிடிச்சதுல இன்னிக்கு எனக்கு வாசனையே தெரியல. காலையில நான் தூக்கிப் போட்டது பூரா நல்ல மீனாத்தான் இருக்கும்."

மருமகன் சட்டென்று நாற்காலியைப் பார்த்தான். இன்னொரு தட்டோடு வந்த மனைவி, அதை நிதானமாக மேசையில் வைத்தாள்.

"யாருங்க சொன்னா? நம்ம கடை மீன்தான். கெட்டது இருந்தா கழுவறப்பவே பின்னாடி நான் எடுத்துப் போட்டுடுவேன். உங்ககிட்ட வர்றது எல்லாமே நல்ல மீன்தாங்க."

"அப்போ இது?"

"நீங்க வாளியில போட்டது."

மூக்கர் தட்டைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தானே?"

"இருபத்திரண்டு வருஷமா நம்ம வீட்டுல வேற மீனே வறுத்ததில்லைங்க."