கேளாமல் கொடுக்கும் வள்ளல்

இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. காலையில் நீங்கள் பல் விளக்கி முடிப்பதற்குள் உங்கள் கைபேசியில் நாற்பது பாட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, எட்டு மணிக்கு "கேட்டீங்களா?" என்று விசாரித்து, இல்லை என்றால் மனம் நொந்து, ஆமாம் என்றால் இன்னும் நாற்பது அனுப்புகிற உத்தமர்களைச் சொல்கிறேன். பாட்டு வள்ளல்கள். நாம் கேட்காமலே கொடுப்பவர்கள். பாடியவரிடமும் கேட்காமலே கொடுப்பவர்கள்.

எங்கள் வள்ளலின் பெயர் இம்மானுவேல். ஆனையூரில் வீடு, மிஷன் பள்ளி ஒன்றில் கிளார்க். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர், அடியேனும் ஒருவன். பதிப்புரிமை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மனிதர் ஃபைலை மூடிவிடுவார்.

"காத்துக்கு எவன் பட்டா வச்சிருக்கான்? பாட்டும் காத்துதானப்பா! கம்பெனிக்காரன் கோடி கோடியா அள்ளுறான், நாம ஒரு பாட்டக் கேட்டா குத்தமா?"

எல்லோரும் தலையாட்டுவோம். பாதி நியாயம் இருக்கிறதே! ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் காற்றுக்கு முன்னால் "அன்புடன் வழங்குவது, ஆனையூர் இம்மானுவேல்" என்று தம் கணீர்க் குரலை ஒட்டி அனுப்புவாரே, அது எதற்கு? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

அதே பள்ளியில் ரூத் என்று ஓர் ஆசிரியை. செல்லூரில் வீடு. சுற்றிலும் விசைத்தறி. அந்தத் தறிச் சத்தத்தையே தாளமாகப் பிடித்து, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைத் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடிப் பதிவும் செய்துவிட்டார். இரண்டு வருட உழைப்பு. டிசம்பர் இருபத்து நான்காம் தேதி ஒரு வீடியோ தளத்தில் வெளியிடத் திட்டம். நல்ல காது உள்ள மனிதராயிற்றே என்று, நவம்பர் கடைசியில் இம்மானுவேலுக்கு அனுப்பினார்.

"அண்ணே, நீங்க மட்டும் கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. வேற யாருக்கும் போயிர வேணாம்."

கேட்டார். அழுதுவிட்டார். பொய் அழுகை இல்லை. இந்த இனத்துக்கு இசைமேல் உள்ள காதல் நிஜமானது, அதுதான் வில்லங்கமே. கண்ணைத் துடைத்துக்கொண்டே தம் குரலை முன்னால் ஒட்டினார். குழுவுக்கு அனுப்பினார்.

பிறகென்ன? பாட்டு சோழவந்தான் தாண்டி, திண்டுக்கல் தாண்டி, எங்கெங்கோ போனது. முகம் தெரியாத ஒரு புண்ணியவான் அதைத் தன் பாட்டென்று அந்தத் தளத்தில் ஏற்றிவிட்டான். இருபத்து நான்காம் தேதி ரூத் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் தளம் அதை நீக்கியது: இது வேறொருவருக்குச் சொந்தமான பாடல், மறுபடி ஏற்றினால் உங்கள் கணக்கு முடக்கப்படும்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ரூத் இம்மானுவேல் வீட்டுக்கு வந்தார். கேக் வேண்டாம் என்றார்.

"அண்ணே, எம் பாட்டையே நான் திருடிட்டேன்னு சொல்றாங்க. நான் உங்களுக்கு எப்ப அனுப்புனேன்னும், நீங்க என்னையக் கேக்காம எல்லாருக்கும் போட்டீங்கன்னும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அது போதும்."

"தங்கச்சி, இம்புட்டு நல்ல பாட்டு நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்னுதான்... இந்தக் கம்பெனிக்காரங்க இருக்காங்களே..."

"நான் கம்பெனியாண்ணே?"

வள்ளல் பேனாவை எடுத்தார். உள்ளே போய் எழுதினார். நான்கு பக்கம். இசையின் சுதந்திரம் பற்றி அதில் இல்லாதது எதுவுமில்லை. மனைவி பாக்கியமேரி வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"காத்து, கடலு எல்லாம் இருக்கு. 'கேக்காம அனுப்பிட்டேன்'ங்கிறது எங்க இருக்கு?"

"அத எழுதுனா நான் களவாணின்னு ஆயிராதா?"

"எழுதாட்டி அந்தப் புள்ள களவாணி. யோசிச்சுக்கங்க."

அரை மணி நேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு எழுதினார். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தைப் பார்த்து, ஜனவரி பாதியில் தளம் பாட்டை ரூத்திடம் திருப்பிக் கொடுத்தது. பொங்கலன்று யார் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்பார்? எழுபது பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் கீழே எழுதினார்: "இது காப்பி சிஸ்டர். ஒரிஜினல்ல மொதல்ல ஒரு ஆம்பளக் குரல் வரும்."

இம்மானுவேல் அதைப் படித்தார். சாயங்காலம் அதற்கடியில் தம் பெயரோடு எழுதினார்: "அந்தக் குரல் என்னுடையது. பாட்டு முழுவதும் ரூத் டீச்சருடையது. நான் கேட்காமல் எடுத்துவிட்டேன்." அதையே எங்கள் குழுவிலும் போட்டார். இனி அனுமதி வாங்கிய பாட்டு மட்டுமே வரும் என்றும் அறிவித்தார். அன்றைக்கே இருநூறு பேர் வெளியேறி, அழகுபாண்டி என்றொரு புது வள்ளலின் குழுவில் குடியேறினார்கள்.

ரூத் இப்போதும் பள்ளியில் இம்மானுவேலிடம் நன்றாகத்தான் பேசுகிறார். புதுப் பாட்டை மட்டும் காட்டுவதில்லை.

சிரிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார், அவர் பெயர்கூட வாயில் வருகிறது, இல்லையா? நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: "அந்தப் பாட்டு உங்களிடம் இருக்குமே, எனக்கும் ஒன்று தட்டிவிடுங்களேன்" என்று என்னைக் கேட்க உங்களுக்கு இரண்டு முறையாவது தோன்றவில்லையா?

இருக்கிறதுதான். நானும் இன்னும் அழிக்கவில்லை.