மூன்றாம் வரிசையில் ஒரு காலமானவர்

ஞாயிறு காலை எட்டு மணிக்கே அந்த ஓட்டல் அரங்கிலிருந்து தெருமுனை வரை வரிசை. பல் டாக்டர் நின்றார், லாரி முதலாளி நின்றார், கணக்கு வாத்தியார்கூட நின்றார். உள்ளே சந்தை ஞானி இருந்தார். பங்குச் சந்தை மூச்சு விடுவது அவர் காதில் விழுமாம். நமக்கு விழுவது மின்விசிறிச் சத்தம் மட்டுமே, பாவப்பட்ட பிறவிகள்.

அந்த வருடம் ஞானிக்கு ஒரே பேச்சு: வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள். அதை விற்கும் நான்கு கம்பெனிகளுக்குள் போட்டி. எது ஜெயிக்கும் என்று அறிந்தவர் அவர் ஒருவரே. அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் போதும், ஜெயிக்கிற கம்பெனியில் அவரே போடுவார்.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த பணம் முழுவதையும் கொடுப்பதாகக் கையெழுத்திட்ட தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"அந்தக் கம்பெனிங்க என்னதான் விக்குதுங்க மச்சான்?" என்றேன்.

"அது நமக்கெதுக்கு மாப்ள? போன கூட்டத்துல, முன்னபின்ன பார்க்காத என்னைப் பார்த்து, 'வலது முழங்கால் உங்களைத் தூங்க விடலையே'ன்னார். ஆடிப் போயிட்டேன்."

என் மனைவி ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் ஒன்பது வருடமாகத் தொலைபேசியில் புகார் கேட்பவள். போன கூட்டத்தைப் போலவே அன்றும் நுழைவுச்சீட்டோடு செல்போனில் ஒரு படிவம் வந்தது. பெயர், இருக்கை எண், உடம்புக்கு என்ன, வீட்டில் அண்மையில் நடந்த துக்கம். இரண்டு முறை படித்தாள். சிரித்தாள். விறுவிறுவென்று தட்டினாள்.

"என்ன எழுதின?"

"உங்களைச் சாகடிச்சிட்டேன். நாப்பது நாள் ஆச்சு. அசையாம உட்காருங்க."

ஞானி மேடையேறினார். கோட்டு, காதில் சின்னக் கருவி, முகத்தில் கருணை. "பெரிய கம்பெனி வளரும், வளர்ச்சி நிற்கிற வரைக்கும். சின்னக் கம்பெனி பெரியதை விழுங்கும், பெரியது முந்திக்கொள்ளாவிட்டால்." என்ன தெளிவு! பல் டாக்டர் குறிப்பெடுத்தார்.

பிறகு ஞானி கண்ணை மூடினார். காதைத் தொட்டார்.

"மூணாவது வரிசையில ஒரு அம்மா... உங்க வீட்டுக்காரர் போய் நாப்பது நாள்தான் ஆகுது, இல்லையா?"

அரங்கமே உச்சுக்கொட்டியது. மச்சான் மட்டும் திருதிருவென்று என்னைப் பார்த்தார்.

"அவர் இங்கதாம்மா இருக்கார்."

"ஆமாங்க. பக்கத்துலயேதான் இருக்கார்."

"நீங்களும் உணர்றீங்களா!"

"உணராம? அரை மணி நேரமா என் காலை மிதிச்சிட்டிருக்காரே."

"பணத்தை இன்னைக்கே போடச் சொல்றாரும்மா."

"என்னங்க," என்று அவள் என் பக்கம் திரும்பினாள், "அப்படியா சொன்னீங்க? எழுந்து சொல்லுங்க."

எழுந்தேன். "நான் வாயே திறக்கலையே."

ஞானி தடுமாறினார். ஆனால் தொழில்காரர். "நடக்கப்போறதுதான் எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. இவருக்கு ஆபத்து இருக்கு!"

"எனக்குத் தெரிஞ்சு இவருக்கு இருக்கிற ஆபத்து நான்தான்," என்றாள் அவள். "ஐயா, இந்த ஞானத்தைத்தான் நான் தினமும் செய்யறேன். நீங்க போன் பண்ணினா உங்க பேரு, வீடு, பழைய புகார் எல்லாம் என் திரையில வந்து நிக்கும். அதைப் பார்த்துத்தான் 'அந்தப் பழைய மெஷின் எப்படி இருக்கு?'ன்னு கேப்பேன். அந்த நாலு கம்பெனியும் விக்கிறது இதைத்தான். உங்களுக்குத் திரையைப் பார்த்து ஒருத்தர் காதுல படிக்கிறார். எனக்கு நானே படிச்சுக்கறேன். என்னை யாரும் ஞானின்னு கூப்பிடல, பத்து நிமிஷம் லேட்டானா சம்பளத்தைத்தான் பிடிக்கறாங்க."

"அப்போ என் முழங்கால்?" மச்சான் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"போன தடவை படிவத்துல நீயே எழுதினதுதான் அண்ணே."

மச்சான் எழுந்து நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். பின்வரிசையில் இன்னும் சில தாள்கள் கிழியும் சத்தம். ஞானி நீர் அருந்தப் போனார், திரும்பவில்லை. காதில் படித்தவர் திரைக்குப் பின்னால் மடிக்கணினியோடு மாட்டினார்.

வெளியே வந்தபோது லாரி முதலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். "அம்மா, ஒரு நிமிஷம். அந்த ஆள் வச்சிருந்தது நாலுல எந்தக் கம்பெனி மென்பொருள்? நம்மளையே இப்படி ஏமாத்துதுன்னா நல்ல சரக்காத்தானே இருக்கணும்? அதுலயே போட்டுடலாமா?"

"கேள்வி கேக்கவாவது தோணுச்சே," என்றாள் அவள். "அதை உள்ள நுழையறதுக்கு முன்னாடி கேட்டிருக்கக் கூடாதா?"

உண்மையில் எனக்கு முந்திக்கொண்டு காலமானவள் அவள்தான். நான்கு வருடம் ஆகிறது. மேலுலகத்திலிருந்து அவள் செய்தி அனுப்பியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். கோபம் வந்தால் அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று மட்டும் கேட்டேன். இருவருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

கேள்வி கேட்கக் காலணா செலவில்லை ஐயா. கேட்காமல் இருப்பதற்குத்தான் ஊரெல்லாம் வரிசையில் நின்று கட்டணம் கட்டுகிறது.