புளிக்கொட்டைச் சாட்சி

பேத்திகள் என்னை வீரனாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் என் கடைசி ஆசை. குறுக்கே நிற்பவள் என் மனைவி மதலேனம்மாள்.

ஏலாக்குறிச்சியில் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த சவரிமுத்துவாகிய நான், கல்யாணமான புதிதில் கோடை லீவில் நாங்கள் நாகப்பட்டினம் போய்க் கடல் பார்த்த கதையை எழுதினேன். யுத்தகாலம், காகிதம் கிடைக்கவில்லை. பழைய பரீட்சைத் தாள்களைத் திருப்பிப்போட்டு எழுதினேன். முதல் தாள், முட்டை வாங்கிய தர்மராஜுடையது. முன்பக்கம் அவன் தப்பு. பின்பக்கம் என் சரித்திரம்.

மே மாதம் மகள் வயிற்றுப் பேத்தி ஆரோக்கிய செல்வியும் அவள் தங்கையும் லீவுக்கு வந்தார்கள்.

"மதலேன், நான் படிக்கிறப்ப நீ வாயத் தெறக்கக் கூடாது."

"நான் ஏங்க தெறக்கப் போறேன்? எனக்குப் புளி வேல கெடக்கு."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம். போதுமா?"

முறமும் புளியுமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் வெறும் பித்தளைத் தவலை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கொள்ளிடத்தில் பனைமர உயரத்துக்கு வெள்ளம்!" என்று ஆரம்பித்தேன்.

தவலையில் ஒரு கொட்டை விழுந்தது. டிங்!

"மே மாசத்துலயா தாத்தா?" என்றாள் செல்வி.

"உங்க அம்மாயியைத் தோளில் தூக்கிக்கொண்டு நீந்தினேன்."

டிங்! டிங்!

"மதலேன், என்ன இது?"

அவள் உதட்டை இறுக்க மூடிக் காட்டினாள். சத்தியம் அல்லவா! சோதிப்பதற்காக, "அன்று நல்ல வெயில்" என்ற வரியைப் படித்தேன். கொட்டை முறத்திலேயே கிடந்தது. செல்வி என் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு டிங்குக்கு ஒரு பெருக்கல் குறி, என் தாளின் ஓரத்தில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விட்டேனா? கடைசி வரியைக் கர்ஜித்தேன்.

"ஆயுசில் நான் யாருக்கும் பயந்தவனில்லை! பெண்டாட்டி உட்பட!"

மதலேனம்மாள் முறத்தைத் தூக்கி, இருந்த கொட்டை அத்தனையையும் தவலையில் கவிழ்த்தாள்.

பேத்திகள் சிரித்து முடிக்க அரைமணி ஆயிற்று. ஊருக்குப் புறப்படும்போது செல்வி தாள்களை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"பத்திரமா வச்சிக்கிறேன் தாத்தா. எம் புள்ளைங்களுக்கும் காட்டணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆசையாக முதல் தாளை வாங்கிப் பார்த்தேன்.

முன்பக்கம்: தர்மராஜ், முட்டை. பின்பக்கம்: சவரிமுத்து, அதே.