எதிர்பாராத விருந்தினர் நால்வரும் 96.4 அலகுகளும்

கண்டி நகரை அடுத்த குன்றொன்றின் மேல் புதிதாக எழுந்துள்ள தொடர்மாடியில், ஐந்தாம் மாடியில், நானூற்றிருபது சதுர அடி கொண்ட வீடொன்றைச் சஞ்சீவனி டீச்சர் வாங்கினார். அது முழு மின்சார வீடு. அடுப்பு மின்சாரம், குளிக்கும் வெந்நீர் மின்சாரம், சுவாமித் தட்டின் விளக்கும் மின்சாரம். எரிவாயு சிலிண்டரோ திரியோ மெழுகுவர்த்தியோ வளவுக்குள் கொண்டுவரப்படலாகாது என்று உறுதிப்பத்திரத்தின் ஒன்பதாம் பந்தி கூறியது. சுவாலையில்லா வாழ்வே நாகரிக வாழ்வு என்று விற்பனைப் பிரசுரம் கூறியது. அதன் அட்டையில் ஒரு பெண்மணி வெறும் அடுப்பொன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஒரேயொரு குறை இருந்தது. மின்சாரம் இருக்கவில்லை.

இணைப்புப் பெற வேண்டுமாயின், அவ்வீட்டில் மாதந்தோறும் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதற்கான முன்மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவை. அதை வழங்குவதற்கென்றே ஒரு பணிமனை இயங்கியது. டீச்சருக்கோ அவகாசம் குறைவு. வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பத்திரண்டுக்கும் ஏழு பதினெட்டுக்கும் இடையில் பால் காய்ச்ச நேரம் குறித்தாயிற்று. அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும்; ஆடியில் எவரும் புதுவீட்டில் பால் காய்ச்சுவதில்லை. ஆடி முடியும்வரை பொறுத்திருக்கவும் வழியில்லை. கட்டுக்கலையில் அவர் குடியிருந்த அறையை, ஜன்னலிலிருந்து யானைகளின் முதுகு தெரியும் என்று விளம்பரம் செய்து, வீட்டுக்காரர் பெரஹெர ஊர்வலம் பார்க்க வருவோருக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்தாக வேண்டும்.

டீச்சர் இருபத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். கேத்தலில் தண்ணீர் கொதிக்க நான்கு நிமிடம் பத்து வினாடி ஆகிறது என்பதை மூன்று முறை அளந்து உறுதிசெய்தார். பருத்திச் சேலைக்கு அயன் பிடிக்கும் நேரத்தையும் நைலெக்ஸ் சேலைக்கு அயன் பிடிக்கும் நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டார். மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் எடுக்கும் மேலதிக மின்சாரத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டார். விடை மாதமொன்றுக்கு 96.4 அலகு. பின்னிணைப்புகளோடு பதினொரு பக்கம்.

முன்மதிப்பீட்டு உத்தியோகத்தர் மோகனராஜ் அந்தப் பதினொரு பக்கங்களையும் பக்தியோடு வாசித்தார். பதினேழாம் நிரலில் அவரது பேனா நின்றது.

"டீச்சர், எதிர்பாராத விருந்தினர்னு இருக்கிற இடத்துல பூச்சியம் போட்டிருக்கீங்க."

"நான் யாரையும் எதிர்பார்க்கல சேர்."

"அதத்தான் கேட்டிருக்கு. நீங்க எதிர்பார்க்காத ஆளுங்க எத்தன பேர்?"

"அது எனக்கு எப்படி சேர் முன்கூட்டியே தெரியும்?"

"முன்மதிப்பீடுன்னாலே முன்கூட்டித்தானே டீச்சர்."

கண்டியில் வசிக்கும் எவரும் பெரஹெர காலத்தில் அந்த நிரலில் பூச்சியம் எழுதுவது அரசாங்கத்தைத் தவறாக வழிநடத்துவதாகும் என்று அவர் வருத்தத்தோடு விளக்கினார். கடந்த வருடம் தம் மனைவியின் உறவினர் பதினொருவர் ஹட்டனிலிருந்து வந்து ஒன்பது நாள் தங்கியதை உதாரணமாகக் காட்டினார். டீச்சர் நான்கு என்று எழுதினார்.

மறுநாள், எதிர்பாராத விருந்தினர் நால்வரின் பெயர்களும் தேசிய அடையாள அட்டை இலக்கங்களும் இணைக்கப்படவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. டீச்சர் வத்தேகமையில் இருக்கும் சித்தப்பா மகன் நிரஞ்சனைத் தொலைபேசியில் அழைத்து, அவனும் மனைவியும் மாமனார் மாமியாரும் தம் வீட்டுக்கு எதிர்பாராமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"வர்றதா இருந்தா சொல்லிட்டுத்தான்க்கா வருவோம்," என்றான் நிரஞ்சன், மரியாதையாக.

"சொல்லிட்டு வந்தா படிவத்துல செல்லாது தம்பி."

வியாழக்கிழமை டீச்சர் பெயர்களைக் கொடுத்தார். மோகனராஜ் மகிழ்ச்சியோடு வாங்கிப் பார்த்தார். பிறகு மகிழ்ச்சி குறைந்தது. பெயரும் இலக்கமும் தெரிந்துவிட்டமையால் இந்நால்வரும் இப்போது எதிர்பார்க்கப்பட்ட விருந்தினர் ஆகிவிட்டார்கள். ஆகவே அவர்களைப் பதினாறாம் நிரலுக்கு மாற்ற வேண்டும். பதினேழு மீண்டும் வெறுமை. இத்தகைய சிக்கலான விண்ணப்பக் கோவைகளை நேரடிப் பரிசோதனையால் மட்டுமே தீர்க்க முடியும் என்றார். பரிசோதனை எப்போது என்று டீச்சர் கேட்டதற்கு, சொல்லிவிட்டு வந்தால் அது பரிசோதனையல்ல என்று பதில் கிடைத்தது. அதுவரை அயல்வீட்டிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அவர் அன்போடு நினைவூட்டினார்.

அன்று மாலை டீச்சர் பால் சட்டியும் கையுமாகத் தம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் வசிப்பவரும் திகனயில் புடைவைக் கடை வைத்திருப்பவருமான றம்லத், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இந்தக் கட்டடத்துல முப்பத்திரண்டு வீடு டீச்சர். எத்தன சிலிண்டர் ஈக்கும்னு நினைக்கிறீங்க?"

ஒன்பதாம் பந்தியின்படி ஒன்றும் இருக்க முடியாது என்றார் டீச்சர்.

"முப்பத்தொண்டு. நீங்க ஒராள்தான் பாக்கி."

வெள்ளி விடியற்காலையில், பூப்போட்ட துணி சுற்றிய கனமான பொருளொன்றை, மனைவியோடும் மாமனார் மாமியாரோடும் வந்த நிரஞ்சன் லிப்டில் ஏற்றி ஐந்தாம் மாடிக்குக் கொண்டுவந்தான். சமையலறை மூலையில் அதை நிறுத்தி, துணியைச் சீர்செய்து, அதன் தலையில் றம்லத் பிளாஸ்டிக் ரோசாக்கள் கொண்ட சாடியொன்றை வைத்தார். ஆறு ஐம்பதுக்குப் பால் ஏறியது. மின் அடுப்பின் மேல் வைக்கப்பட்ட சிறிய எரிவாயு அடுப்பில் நீலச் சுவாலை நாகரிகமின்றி எரிந்தது.

பால் விளிம்பைத் தொடும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மோகனராஜும் சக உத்தியோகத்தர் மூவரும் கோவைகளோடு நின்றார்கள்.

நிரஞ்சனின் மாமியார் பின்கதவைத் தேடினார். ஐந்தாம் மாடியில் அது இருக்கவில்லை. பால் பொங்கி, சட்டியின் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நான்கு உத்தியோகத்தர்களும் கோவைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார்கள். பிறகு கதிரைகளில் அமர்ந்து பால்தேநீர் குடித்தார்கள்.

"நாலு பேர் டீச்சர்," என்றார் றம்லத், கோப்பைகளை எண்ணியபடி. "ஒருத்தரையும் நாங்க எதிர்பார்க்கல."

மோகனராஜின் முகம் மலர்ந்தது. பதினேழாம் நிரல் தாம் கண்ணால் கண்டவாறு மெய்ப்பிக்கப்பட்டது என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார். மற்ற மூவரும் படியிறங்கிய பின்னர் அவர் மட்டும் திரும்பி வந்து, ரோசாக்களைப் பார்த்தவாறு குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீடும் முழு மின்சாரம்தான் டீச்சர். இந்த மாதிரிப் பூச்சாடி ஒண்ணு எங்க எடுக்கலாம்? பன்னெண்டரைக் கிலோதானே?"

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை குடிவந்தார். புதன்கிழமை கடிதம் வந்தது. மூன்று பந்திகள். முதலாவது, எதிர்பாராத விருந்தினர் தொடர்பான தங்கள் மதிப்பீடு மிகத் துல்லியமானது எனப் பாராட்டியது. இரண்டாவது, மின்சாரமின்றியே பால் பொங்கியமையைப் பரிசோதகர் நால்வரும் நேரிற் கண்டிருப்பதால், இவ்வீட்டுக்கு மின்னிணைப்பு அவசியமில்லை எனத் தீர்மானித்தது. மூன்றாவது, முழு மின்சார வீடுகளில் மிகக் குறைந்த மின்பாவனைக்கான முதற்பரிசுக்குத் தாங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள் என்று மகிழ்ச்சியுடன் அறிவித்தது. பரிசைப் பெற வரும்போது, வதிவிடத்தை உறுதிப்படுத்துவதற்காக, அண்மைய மின்பட்டியலின் மூலப்பிரதியைக் கொண்டுவருதல் வேண்டும்.

பரிசைப் பற்றிய செய்தி லிப்டில் பரவியது. முப்பத்தொரு வீட்டாரும் தமக்கும் பரிசு வேண்டுமென்று இணைப்பைத் துண்டிக்க விண்ணப்பித்தார்கள். துண்டிப்பதாயின், இனிமேல் பாவிக்காமல் விடப்போகும் மின்சாரம் எவ்வளவு என்பதற்கு ஒரு முன்மதிப்பீடு தேவை என்று பணிமனை பதிலளித்தது.

அதைத் தயாரிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவரே. ஆகவே இப்போதெல்லாம் மாலை வேளைகளில் ஐந்தாம் மாடிப் படிகளில் வரிசை நிற்கிறது. டீச்சர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவரையும் பொறுமையாக விசாரிக்கிறார். நேற்று றம்லத்தின் முறை. பதினேழாம் நிரலில் அவர் பூச்சியம் போட்டிருந்தார்.

டீச்சர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.